ஒளிர்ந்தால் அது பாதரசமா? சேலத்துத் தண்ணீரை வைத்து ஓர் அறிமுகம்

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊரில் பாதரசத்தைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. பாதரசத்தைக் கண்டால் ஒளிரும்படி உருவாக்கப்பட்ட வேதிப்பொருள்களில் பல, வெள்ளியைக் கண்டாலும் ஒளிர்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துச் சாக்கடை நீரில் அப்படி ஒரு சொட்டு விட்டு, ரோஸ் நிறம் வந்ததும் "பாதரசம்!" என்று கத்துவது எளிது. அந்த நிறத்தை யார் கொண்டுவந்தது என்று நிரூபிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

சேலத்து நீரில் பாதரசம் இருக்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. பாதரசம் வரக்கூடிய வழிகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை: உடைந்த தெர்மாமீட்டர், பழைய இரத்த அழுத்தக் கருவி, ட்யூப்லைட், நிலக்கரி எரிப்பது, பழைய முறை காஸ்டிக் சோடா ஆலைகள், தூசியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் பட்டறைகள். தேடுகிறவர் தேடும் கருவியைப் புரிந்துகொண்டு தேட வேண்டும். அதற்குத்தான் இது.

மஞ்சள்தூளில் தொடங்குவோம்

கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு ஸ்பூன் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்குங்கள். தூள் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை ஒரு கண்ணாடி டம்ளருக்கு மாற்றி, ரூபாய் நோட்டு பார்க்கும் யுவி டார்ச்சை இருட்டில் அதன்மேல் அடியுங்கள். டார்ச்சின் ஊதா ஒளி உள்ளே போகிறது. பச்சை கலந்த மஞ்சள் ஒளி வெளியே வருகிறது. இதுதான் ஒளிர்வு, அதாவது ஃப்ளோரசன்ஸ். மூலக்கூறு ஆற்றல் மிகுந்த ஒளியை விழுங்குகிறது, அதில் கொஞ்சத்தை வெப்பமாக இழக்கிறது, மிச்சத்தைச் சில நானோ நொடிகளுக்குள் வேறு நிற ஒளியாகத் துப்பிவிடுகிறது. டார்ச்சை அணைத்ததும் ஒளிர்வும் அணையும்.

அதே மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள்; இப்படி ஒளிராது. மூலக்கூறு அதேதான், சுற்றியிருக்கும் திரவம்தான் மாறியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

நிறம் மாறுவதை அளக்காமல் ஒளிர்வை அளப்பது ஏன்? கார்த்திகை தீபத்தன்று வீதியில் எரியும் ஆயிரம் விளக்கில் ஒன்று அணைந்ததைக் கண்டுபிடிப்பது கடினம். அமாவாசை இருட்டில் ஒரே ஒரு அகல் எரிந்தால் தூரத்திலிருந்தே தெரியும். நிறத்தை அளக்கும்போது நிறைய ஒளியில் ஒரு சிறு குறைவைத் தேடுகிறோம். ஒளிர்வை அளக்கும்போது உள்ளே போகும் நிறத்தை வடிகட்டி மறைத்துவிட்டு, இருட்டில் புதிதாக வந்த ஒளியை மட்டும் பார்க்கிறோம்.

ரசமும் கந்தகமும்

பாதரசத்தை உணரும் மூலக்கூறை ஆய்வகத்தில் ப்ரோப் என்பார்கள். அதற்கு இரண்டு பாகம். ஒன்று விளக்கு: ஒளிரக்கூடிய சாயப் பகுதி. மற்றது கை: பாதரசத்தைப் பற்றும் பகுதி. கை காலியாக இருக்கும்வரை விளக்கு அணைந்திருக்க வேண்டும், பாதரசம் கையில் சிக்கியதும் எரிய வேண்டும். கையை எதனால் செய்வது?

இந்தக் கேள்விக்குச் சித்த மருத்துவம் படித்தவர் உடனே பதில் சொல்லிவிடுவார். கஞ்சமலைச் சித்தர் கோயிலை வைத்திருக்கும் ஊருக்கு இது புதிதல்ல. ரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கறுத்த பொடி வரும். அதைப் பதங்கித்தால் சிவந்த லிங்கம் கிடைக்கும். இரண்டுமே மெர்குரிக் சல்பைடுதான். வேதியியல் இதையே வேறு மொழியில் சொல்கிறது. பாதரச அயனி பெரியது. அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் நசுங்கும். கந்தகமும் அப்படியே. இப்படி மென்மையானவை மென்மையானவற்றோடு சேரும், இறுக்கமானவை இறுக்கமானவற்றோடு சேரும் என்று 1963இல் ரால்ஃப் பியர்சன் ஒரு விதியாக எழுதினார். கந்தகம் கொண்ட தயோல் சேர்மங்களுக்கு மெர்காப்டன் என்று ஒரு பெயர் உண்டு. பாதரசத்தைப் பிடிப்பது என்ற பொருளில் லத்தீன் சொற்களிலிருந்து எடுத்த பெயர் அது.

ஆகவே கையில் கந்தகத்தை வை என்பதே பெரும்பாலான ப்ரோப்களின் சூத்திரம். 1992இல் அமெரிக்காவில் சே, சார்னிக் இருவரும் ஆந்த்ரசீன் என்ற ஒளிரும் மூலக்கூறோடு தயோஅமைடு என்ற கந்தகக் கூட்டத்தை இணைத்தார்கள். கந்தகம் இருக்கும்வரை விளக்கு மங்கல். பாதரசம் வந்து கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனால், அந்த இடத்தில் ஆக்சிஜன் அமர்ந்து விளக்கு எரிகிறது. அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே பாதரசத்தோடு வெள்ளியும் இருந்தது. வெள்ளி அயனியும் மென்மையான ரகம்; அதற்கும் கந்தகம் என்றால் உயிர். வீட்டு வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இதே காரணத்தால்தான்.

இன்று அதிகம் புழங்கும் விளக்கு ரோடமைன். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான ரோடமைன் பி சாயத்தின் குடும்பம்தான். இந்தச் சாயத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதன் ஒரு பகுதியை வளையமாக மூடிவிட்டால் நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. திறந்தால் ரோஸ் நிறம் வரும், பச்சை ஒளியில் பளீரென்று மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும். 2005இல் தென்கொரியாவின் யோன்சே பல்கலைக்கழகத்தில் ஜின்சுங் டே குழுவினர் ரோடமைன் 6ஜி சாயத்தை இப்படி மூடி, வளையத்தின் வாசலில் கந்தகக் கூட்டம் ஒன்றை வைத்தார்கள். பாதரசம் அந்தக் கந்தகத்தைப் பறித்துக்கொண்டதும் வளையம் திறக்கிறது, பிறகு மூடுவதில்லை. ஒரு பாதரச அயனிக்கு ஒரு மூலக்கூறு. இப்படித் திரும்பாத வினை புரியும் ப்ரோப், அரக்கு முத்திரை மாதிரி: உடைந்தால் உடைந்ததுதான். பாதரசம் வந்தால் பற்றி, போனால் விட்டுவிடும் திரும்பும் ரகங்களும் உண்டு. மிகச் சிறிய அளவைப் பிடிக்க முத்திரை ரகமே வசதி. ஓடும் நீரை விடாமல் கண்காணிக்க அது உதவாது.

பாதரசம் வந்தால் ஒளிர்வு அணையும் ப்ரோப்களையும் நிறையப் பேர் செய்கிறார்கள். கனமான அணு அருகில் வந்தாலே ஒளிர்வு தணியும் என்பதால் அவற்றைச் செய்வது சுலபம். ஆனால் இரும்பு, செம்பு, கலங்கல், அழுக்கு என்று எது வந்தாலும் அணையும். தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. டிஎன்ஏவிலுள்ள தைமின் என்ற காரம் இரண்டு சேர்ந்து பாதரசத்தை நடுவில் பிடிப்பதை வைத்து 2004இல் ஓனோ, டோகாஷி இருவரும் உருவாக்கிய முறை அழகானது, ஆனால் அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஆயிரத்தில் ஒன்று

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, பாதரசத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 1 மைக்ரோகிராம். பேச்சில் 1 பிபிபி, நூறு கோடியில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் கனிமப் பாதரசத்துக்குச் சொல்வது 6 பிபிபி. பாதரசத்தின் அணு நிறை 200.6 என்பதால் 1 பிபிபி என்பது, மூலக்கூறு எண்ணிக்கையை வைத்துச் செறிவைச் சொல்லும் அலகில், ஏறத்தாழ 5 நானோமோலார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வழக்கமாக ப்ரோப்பை 5 மைக்ரோமோலார் அளவில் போடுவோம். அது 5,000 நானோமோலார். தண்ணீரில் 1 பிபிபி பாதரசம் இருந்து, அத்தனையும் வினைபுரிந்தாலும் ஆயிரம் ப்ரோப் மூலக்கூறில் ஒன்றுதான் திறக்கும். நீங்கள் தயாரித்த ப்ரோப்பில் வினைபுரியாத ரோடமைன் 0.1 சதவீதம் தங்கியிருந்தால், பாதரசமே இல்லாத தண்ணீரும் 1 பிபிபிக்குச் சமமாக ஒளிரும். ஆய்வுக் கட்டுரைகளில் நானோமோலார் அளவைச் சர்வசாதாரணமாகக் கண்டுபிடித்ததாகப் படித்துவிட்டு, தன் கையில் பாதரசமே சேர்க்காத ப்ளாங்க் கரைசலே பளபளக்கிறதே என்று குழம்பும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ப்ரோப்பைக் கரைத்து மீண்டும் படிகமாக்கித் தூய்மை செய்வது அலங்காரத்துக்கு அல்ல. 1 மில்லிமோலார் ப்ரோப் கரைசல் வெறும் கண்ணுக்கே ரோஸாகத் தெரிந்தால் அதைக் கொண்டு குடிநீரை அளக்க முயலாதீர்கள். ஆலைக் கழிவு போன்ற பெரிய அளவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன வேண்டும்

இது கல்லூரி ஆய்வகத்துக்கான வேலை. பாதரச உப்புகள் கடும் நஞ்சு. வீட்டில் மஞ்சள்தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டே குழுவின் ரோடமைன் 6ஜி ப்ரோப்பின் மூலக்கூறு நிறை சுமார் 564. எனவே 5.6 மில்லிகிராமை 10 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 1 மில்லிமோலார். பழுப்புக் குப்பியில், குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசலான பஃபருக்கு ஹெப்பீஸ் என்ற பொருள் 40 மில்லிமோலார்: லிட்டருக்கு 9.53 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிஎச் 7.2. உயிரியல் ஆய்வகத்தில் எப்போதும் இருக்கிற பாஸ்பேட் உப்புக் கரைசலை எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள குளோரைடு பாதரசத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு ப்ரோப்புக்குக் கிடைக்காமல் செய்யும்.

தரக் கரைசல், அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல், விலைக்குக் கிடைக்கும் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் பாதரசத் தரத்திலிருந்து. அதில் 1 மில்லியை 100 மில்லியாக்கினால் 10 பிபிஎம், அதாவது 10,000 பிபிபி. இதில் 1 சதவீத நைட்ரிக் அமிலம் இருக்கட்டும். அதிலிருந்து 1 மில்லியை மீண்டும் 100 மில்லியாக்கினால் 100 பிபிபி. இந்தக் கடைசிக் கரைசலை அன்று காலையில் செய்து அன்றே தீர்க்க வேண்டும். நீர்த்த பாதரசம் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். நேற்றைய 100 பிபிபி இன்று 100 ஆக இருக்காது.

பத்து மில்லி குடுவைகள் ஆறு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 மில்லி பஃபர். பிறகு 100 பிபிபி கரைசலில் 0, 0.2, 0.5, 1, 2, 5 மில்லி ஊற்றிக் காய்ச்சிவடித்த நீரால் கோடுவரை நிரப்பினால் 0, 2, 5, 10, 20, 50 பிபிபி. மாதிரி நீருக்கு: 5 மில்லி பஃபர், 5 மில்லி மாதிரி. மாதிரி பாதியாக நீர்த்துவிட்டது என்பதைக் குறித்துவையுங்கள். கடைசியில் விடையை 2ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு குடுவையிலிருந்தும் 2 மில்லி எடுத்து க்யூவெட் என்ற சிறு அளவீட்டுக் குப்பியில் விட்டு, ப்ரோப் கரைசல் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து, மூடி, நான்கைந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? ப்ரோப்புக்கு ப்ரோப் மாறும். 50 பிபிபி க்யூவெட்டை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஏற்றம் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தோடு பாதி சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அதே நேரத்தைக் கடைப்பிடியுங்கள். ஒளிர்வை அளக்கும் கருவியில் 500 நானோமீட்டர் ஒளி கொடுத்து 550 சுற்றுவட்டாரத்தில் பார்க்கலாம். இந்த நிறங்களுக்குக் குவார்ட்ஸ் க்யூவெட் வேண்டாம், சாதாரணக் கண்ணாடி போதும். பிளாஸ்டிக்கில் ரோடமைன் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரிக்கும் சிபாரிசு செய்யும்.

500 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தினால் 602 நானோமீட்டர் பக்கம் ஒரு சின்ன மேடு வெறும் தண்ணீரிலும் தெரியும். அது அழுக்கும் இல்லை, பாதரசமும் இல்லை. தண்ணீர் மூலக்கூறில் பட்ட ஒளி நிறம் மாறிச் சிதறும் ராமன் சிதறல். ராமனின் குழுவினரே 1920களில் முதலில் அதை மங்கலான ஒளிர்வு என்றுதான் எண்ணினார்கள், ஆகவே நீங்கள் ஏமாந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. கிளர்த்தும் அலைநீளத்தை மாற்றினால் அந்த மேடும் கூடவே நகரும். உண்மையான ஒளிர்வின் சிகரம் நகராது.

தண்ணீர் எடுப்பதிலேயே பாதி போய்விடும்

பாட்டில் போரோசிலிகேட் கண்ணாடி, மூடி டெஃப்லான். முந்தின இரவு 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சிவடித்த நீரில் நாலைந்து முறை அலசியிருக்க வேண்டும். குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது; பாதரசம் சுவரில் படியும், பாலிஎத்திலீன் என்றால் அதன் ஆவி ஊடுருவியும் போகும்.

அன்றே அளப்பதென்றால் வடிகட்டி, குளிரில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். நாள் கடத்துவதென்றால் பிஎச் 2க்குக் கீழே நைட்ரிக் அமிலம் விட வேண்டும். ஆனால் ரோடமைன் வளையம் அமிலத்திலேயே தானாகத் திறந்துகொள்ளும். அமிலம் விட்ட மாதிரியை நேராக க்யூவெட்டில் ஊற்றினால் எந்தத் தண்ணீரும் பாதரசத் தண்ணீர் ஆகிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 7க்குக் கொண்டுவந்து, பஃபர் சேர்த்த பிறகும் பிஎச் தாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ப்ரோப்.

ஏற்காட்டு நீர் என்றால் இன்னொரு விஷயம்: வரிசை முக்கியம். சேர்வராயன் மலையின் மேல்மண் பாக்சைட்டும் இரும்பும் கலந்த செம்மண். கலங்கல் நீரில் முதலில் அமிலம் விட்டால் அந்தத் துகள்களிலிருந்து இரும்பும் அலுமினியமும் கரைந்து வரும். ரோடமைன் ப்ரோப்களில் பல, அந்த இரண்டுக்கும் வாயைத் திறப்பவை. எனவே முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகு அமிலம். வடிகட்டியில் நின்ற மண்ணோடு ஒட்டிய பாதரசம் கணக்கில் வராது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். நாம் அளப்பது கரைந்த பாதரசத்தை மட்டும்.

ஊருக்குள் வந்தால்

வெள்ளியில் தொடங்கலாம். பட்டறைகளில் பழைய வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும்போது கழிவில் வெள்ளி நைட்ரேட்டும் செம்பும் அமிலமும் சேர்ந்தே வரும். மூன்றுமே நமக்கு எதிரி. அங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழி உண்டு: உப்பு போட்டால் வெள்ளி தயிர்போல் திரிந்து வெள்ளைக் குளோரைடாக விழும். அதையே நாமும் செய்யலாம். 100 மில்லி மாதிரிக்கு 58 மில்லிகிராம் சோடியம் குளோரைடு, அதாவது 10 மில்லிமோலார், இருட்டில் அரைமணி நேரம், பிறகு 0.2 மைக்ரான் வடிகட்டி. வெள்ளியின் பெரும்பகுதி போய்விடும், முழுக்கப் போகாது. பாதரசமும் குளோரைடோடு சேரும், ஆனால் கரைந்தே இருக்கும். ப்ரோப்புக்குக் கொடுக்கும் பதில் மட்டும் கொஞ்சம் மந்தமாகும். அதனால் தரக் கரைசல்களையும் அதே அளவு உப்போடு இதே வழியில் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். உப்பு போட்டதும் மாதிரியின் ஒளிர்வு சடாரென்று விழுந்து, தரக் கரைசலின் ஒளிர்வு சற்றே குறைந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளியை.

அதற்கும் முன்னால் ஒரு காரியம்: காய்ச்சிவடித்த நீரில் 100 பிபிபி வெள்ளி மட்டும் போட்டு உங்கள் ப்ரோப் என்ன சொல்கிறது என்று பாருங்கள். செம்பு, இரும்புக்கும் அப்படியே. ப்ரோப்பை அறிமுகம் செய்த ஆய்வுக் கட்டுரையில் "பாதரசத்துக்கு மட்டும்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அவர்கள் சோதித்த பட்டியலில் வெள்ளி இருந்ததா என்று தேடிப் பாருங்கள். கந்தகமே இல்லாத ப்ரோப்களும் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கொய்தே குழுவினர் செய்த வகையில், கார்பன் இரட்டைப் பிணைப்பையோ முப்பிணைப்பையோ பாதரசம் தாக்கும்போது விளக்கு எரிகிறது. வெள்ளி நிறைந்த ஊருக்குக் கந்தகக் கையைவிட அது பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக் கழிவு இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் சேர்மம் இருக்கிறது. மாவு அரைத்த நீரில் அது கலக்கும். மாவுச்சத்து அழுகினால் சல்பைடு உண்டாகும். அந்த முட்டை நாற்றம் அதுதான். சயனைடும் சல்பைடும் பாதரசத்தை ப்ரோப்பைவிடப் பலமாகப் பற்றிக்கொள்பவை. தண்ணீரில் 50 பிபிபி இருந்தாலும் ப்ரோப் மௌனமாக இருக்கும். லெட் அசிடேட் தாளை நனைத்துக் காட்டினால் கறுத்துவிடுமானால் சல்பைடு இருக்கிறது. அந்த மாதிரியில் ப்ரோப் சொல்லும் "இல்லை"க்கு அர்த்தமில்லை. அமிலம் விட்டு விடுவிக்கலாமே என்று தோன்றும். மெர்குரிக் சல்பைடு சாதாரண அமிலத்துக்கு மசியாது. அதைவிட, சயனைடும் சல்பைடும் உள்ள நீரில் அமிலம் விட்டால் நச்சு வாயு கிளம்பும். நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ப்யூம் ஹுட் இல்லாத அறையில் அதைச் செய்யவே கூடாது.

சாயக் கழிவு மூன்றாவது. திருமணிமுத்தாற்றில் நிறம் தெரிகிற நாளில் எடுத்த மாதிரி என்றால், சாயம் நாம் அனுப்பும் ஒளியையும் விழுங்கும், ப்ரோப் துப்பும் ஒளியையும் விழுங்கும். க்யூவெட்டில் 500 முதல் 560 நானோமீட்டர் வரை உறிஞ்சல் 0.05க்குமேல் இருந்தால் நீர்க்க வையுங்கள். பாதியாக நீர்த்தும் ஒளிர்வு பாதியாகாமல் அப்படியே இருந்தாலோ கூடினாலோ விழுங்கல் நடக்கிறது என்று பொருள். சில சாயங்கள் தாமாகவே ஒளிரும். சோப்புத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிகளும் யுவியில் நீலமாக ஒளிரும். அதனால் ப்ரோப் சேர்க்காத மாதிரி ஒன்றைத் தவறாமல் அளந்து கழிக்க வேண்டும். அந்தக் கழிவில் ரோடமைனே இருந்தால்? ப்ரோப் விடும் முன்பே ஒளிரும். அதைக் காட்டிக்கொடுப்பதும் ப்ரோப் சேர்க்காத இந்த அளவீடுதான்.

ஏற்காடு ஏரியிலும் காப்பித் தோட்ட ஓடைகளிலும் இலைச்சருகு ஊறி வரும் தேநீர் நிறத்தில் ஹ்யூமிக் பொருள்கள் இருக்கும். அவற்றின் உள்ளே கந்தகக் கைகள் ஒளிந்திருக்கின்றன. பாதரசத்தை ப்ரோப்புக்கு விடாது. மேலே ஏறும்போது வெப்பநிலையும் மாறும். ரோடமைன் பி ஒரு டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ 2 சதவீதம் மங்கும். மே மாதம் சேலத்தில் 38 டிகிரியில் தரக் கரைசல்களை அளந்து வரைந்த அளவுக்கோட்டை 1,500 மீட்டர் உயரத்தில் 23 டிகிரியில் பயன்படுத்தினால் இருபத்தைந்து சதவீதத்துக்கும்மேல் தவறு கிடைக்கும். ரோடமைன் 6ஜி இந்த விஷயத்தில் சாது. இருந்தாலும் குளிரில் வினை மெதுவாகும் என்பதால் காத்திருக்கும் நேரத்தை மலைமேல் மறுபடி பாருங்கள்.

வெள்ளைக்கல் சுரங்கப் பகுதிக் கிணறுகளின் மெக்னீசியம், கால்சியக் கடினத்தன்மை பற்றித்தான் நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். அவை இறுக்கமான ரக அயனிகள். கந்தகக் கை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

தண்ணீரையே சாட்சிக்குக் கூப்பிடுவது

இத்தனை குறுக்கீட்டில் எதை நம்புவது? மாதிரியிலேயே தெரிந்த அளவு பாதரசத்தைச் சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஆய்வகத்தில் இதை ஸ்பைக் என்பார்கள். 10 பிபிஎம் கரைசலில் 1 மில்லியை 10 மில்லியாக்கி 1 பிபிஎம் செய்துகொள்ளுங்கள். மாதிரியும் பஃபரும் கலந்த 10 மில்லிக் குடுவைகள் நான்கில் இதை 0, 50, 100, 200 மைக்ரோலிட்டர் சேர்த்தால் முறையே 0, 5, 10, 20 பிபிபி கூடும். ப்ளாங்க் கழித்த பின் அளவீடு 30, 50, 70, 110 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 1 பிபிபிக்கு 4 அலகு ஏறுகிறது; இதுவே கோட்டின் சரிவு. எதுவும் சேர்க்காததில் 30 என்றால் 30ஐ 4ஆல் வகுக்க 7.5 பிபிபி, நீர்த்ததற்கு 2ஆல் பெருக்கினால் தண்ணீரில் 15 பிபிபி.

காய்ச்சிவடித்த நீரில் கிடைத்த ஏற்றமும் இங்கே கிடைத்த 4ம் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20 சதவீதம்தான் என்றால் தண்ணீரில் எதுவோ பாதரசத்தைத் தின்கிறது. ஸ்பைக்கே காணாமல் போனால் அந்த மாதிரிக்கு இந்த முறை வேலைக்காகாது. ஆனால் ஸ்பைக்கால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் உண்டு: வெள்ளி. வெள்ளி தன் பங்கு ஒளியைத் தனியாகக் கூட்டுகிறது. சரிவை மாற்றாமல் கோட்டை அப்படியே மேலே தூக்குகிறது. மேலே கிடைத்த 30இல் எத்தனை வெள்ளியுடையது என்று இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குத்தான் உப்புச் சோதனை.

எவ்வளவு சிறிய அளவுவரை நம்பலாம் என்பதற்கு ப்ளாங்க்கைப் பத்து முறை புதிதாகத் தயாரித்து அளந்து, அதன் திட்டவிலக்கத்தை 3ஆல் பெருக்கி, சரிவால் வகுங்கள். விலக்கம் 1.2, சரிவு 4 என்றால் 0.9 பிபிபி. பாதியாக நீர்த்த மாதிரிக்கு அது 1.8. அப்படியானால் 1 பிபிபி என்ற குடிநீர் வரம்பை இந்த முறையால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அறிக்கையில் "இல்லை" என்று எழுதாமல் "1.8 பிபிபிக்குக் கீழ்" என்று எழுத வேண்டும். ஒரே ப்ளாங்க்கைப் பத்து முறை அளப்பது கருவியின் நடுக்கத்தை மட்டும் காட்டும்; பத்து தனித்தனி ப்ளாங்க் தயாரிப்பவரின் கை நடுக்கத்தையும் காட்டும்.

ப்ரோப் பார்க்காதவை

ப்ரோப் பார்ப்பது எட்டிப் பிடிக்கக்கூடிய கனிமப் பாதரச அயனியை. தெர்மாமீட்டர் உடைந்து உருளும் உலோகப் பாதரசம் அதன் கண்ணில் படாது. மீனில் சேர்வது பெரும்பாலும் மெத்தில் மெர்குரி. 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட மினமாட்டா நோய்க்குக் காரணம் அதுதான். பல ப்ரோப்கள் அதற்கு மிக மெதுவாகத்தான் பதில் சொல்லும், சில சொல்வதே இல்லை. மேட்டூர் அணை மீனை அரைத்து ப்ரோப் ஊற்றினால் விடை வராது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து எல்லாவற்றையும் கனிம அயனியாக்க வேண்டும். அது வேறு பாடம்.

ப்ரோப் சந்தேகத்தை எழுப்பும் கருவி. முடிவு குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறையில்தான். அதில் ஸ்டேனஸ் குளோரைடு போட்டுப் பாதரசத்தை ஆவியாகப் பிரித்து, 253.7 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பார்கள். ட்யூப்லைட்டுக்குள் பாதரச ஆவி உமிழ்வதும் இதே 253.7 யுவி ஒளியைத்தான். அந்த யுவியை வாங்கி வெள்ளை வெளிச்சமாக்குவது குழாயின் உட்பூச்சு. அந்தப் பூச்சு செய்வதும் ஒளிர்வே. நாற்பது இடத்தில் தண்ணீர் எடுத்து அத்தனையையும் அந்தக் கருவிக்கு அனுப்பினால் செலவு கட்டுப்படியாகாது. ப்ரோப்பால் சலித்து, ஒளிர்ந்தவற்றையும் ஸ்பைக் தோற்றவற்றையும் அனுப்பலாம். ஒளிராதவற்றிலிருந்து நாலைந்தைக் குத்துமதிப்பாகச் சேர்த்து அனுப்புவது அவசியம். மௌனம் பொய்யா மெய்யா என்று தெரிய வேறு வழியில்லை.

போன் கேமராவில் படம் எடுத்து அளப்பவர்கள் வெள்ளைச் சமநிலையையும் ஒளியளவையும் கையால் பூட்டி வையுங்கள். தானியங்கியில் விட்டால் மங்கலான க்யூவெட்டைக் கேமராவே பிரகாசமாக்கிக் கொடுக்கும். தரக் கரைசல்களும் மாதிரியும் ஒரே படத்தில் வரிசையாக நிற்கட்டும்.

தீர்ந்த க்யூவெட் கரைசலும் முதல் அலசல் நீரும் சின்க்கில் போகக் கூடாது. "பாதரசக் கழிவு, டிஎம்எஸ்ஓ கலந்தது" என்று எழுதிய கண்ணாடிக் குப்பி ஒன்றில், முக்கால்வாசிக்குமேல் நிரப்பாமல் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். சேகோ மாதிரிகளின் கழிவை இதோடு கலக்காமல் தனிக் குப்பியில் வையுங்கள். அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். வேலை மேசையில் ஒரு டப்பா கந்தகத் தூள் இருக்கட்டும். எங்காவது பாதரசத் துளி சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல், தாளால் ஒதுக்கி எடுத்துவிட்டு, இடுக்கில் தங்கியதன்மேல் அதைத் தூவலாம்.